பழைய அமெரிக்க மூதாதையரைப் பத்திரத்திலும் உயிலிலும் தேடிப் பிடிப்பது எப்படி

அமெரிக்கக் குடும்பத்தில் சம்பந்தம் வைத்தவராக இருக்கலாம், பிள்ளைக்குப் பள்ளியில் வம்ச மரம் வரையச் சொல்லியிருக்கலாம், சும்மா வரலாற்றுப் பைத்தியமாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும், 1850க்கு முன்னால் அமெரிக்காவில் வாழ்ந்த ஒருவரைத் தேட உட்கார்ந்தால் முதலில் ஒன்றைச் செய்யாமல் இருங்கள். இணையத்தில் யாரோ போட்டு வைத்த மரத்தைப் பார்த்து, "அட, நம்ம ஆளு 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்தவரா!" என்று குதிக்காதீர்கள். அந்த மரங்களில் ஏராளமானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. குஸ்டாவ் அஞ்சூ என்று ஒருவர் இருந்தார், பணக்காரக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு போலி வம்சாவளி தயாரித்துக் கொடுப்பதே அவர் பிழைப்பு. 1942இல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் கட்டிவிட்ட உறவுகள் இன்னும் உலவுகின்றன.

தெரிந்த ஆளிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போக வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஆதாரம் கிடைக்காமல் அடுத்ததுக்குத் தாவினால், பிறகு கட்டுவதெல்லாம் வேறொருவர் குடும்பமாக இருக்கும்.

வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். பழைய கடிதம், இரங்கல் செய்தி, கல்லறைக் கல், முக்கியமாகக் குடும்ப பைபிள். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பைபிளின் நடுப் பக்கங்களில் எழுதி வைப்பது அங்கே வழக்கம். ஆனால் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்பு அந்தப் பைபிள் எந்த வருஷம் அச்சானது என்று தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். 1840இல் அச்சான பைபிளில் 1790இலிருந்து எல்லாப் பிறப்பும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், யாரோ பிற்பாடு நினைவிலிருந்தோ வேறு தாளிலிருந்தோ எழுதியது என்று அர்த்தம். அதைத் தள்ள வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம்.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கு. 1790இலிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். 72 வருஷம் கழித்துத்தான் பொதுவில் விடுவார்கள், அதனால் இப்போதைக்கு 1950 வரை பார்க்கலாம். 1890இன் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் போய்விட்டது. குடும்பத் தலைவருக்கு இவர் என்ன உறவு என்று 1880இலிருந்துதான் எழுதினார்கள். அடிமைகள் அல்லாத எல்லார் பெயரையும் எழுதியது 1850இலிருந்து. அதற்கும் முன்னால் போனால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் எல்லாம் வயது வாரியாக வெறும் எண்கள். 1850 என்பது ஒரு சுவர் மாதிரி நிற்கும், நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

அந்தச் சுவரைத் தாண்ட உதவுவது சட்ட ஆவணங்கள்தான். ஒன்றை மனதில் வையுங்கள்: அந்தக் காலத்துத் தாள்களில் எதுவும் நமக்காக எழுதப்பட்டதல்ல. யாருக்கோ பணமோ நிலமோ போய்ச் சேர வேண்டியிருந்தது, அதனால் எழுதினார்கள். ஆகவே ஒரு பத்திரம் கையில் கிடைத்தால் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். இவர் ஏன் இதில் கையெழுத்துப் போட்டார், அன்றைய சட்டப்படி இவர் கையெழுத்து இல்லாமல் இந்தப் பத்திரம் செல்லுமா என்று கேளுங்கள். நம் ஊரில் தாய்ப்பத்திரம், வில்லங்கம், பாகப்பிரிவினை என்று அலைந்தவர்களுக்கு இந்த மூளை ஏற்கெனவே இருக்கும்.

உதாரணத்துக்கு ஆபிரகாம் லிங்கன் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். 1859இல் அவர் தன்னைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். தாத்தா வர்ஜீனியாவின் ராக்கிங்கம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) 1781 அல்லது 1782 வாக்கில் கென்டக்கிக்கு வந்தார் என்றும், அதற்கு முன் குவேக்கர்களான (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) முன்னோர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்தார்கள் என்றும் அதில் சொல்கிறார். நியூ இங்கிலாந்திலுள்ள (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்கள்) லிங்கன்களோடு சேர்த்துப் பார்த்ததில் ஈனாக், லேவி, மொர்டிகாய், சாலமன், ஆபிரகாம் என்று பெயர்கள் ஒத்துப்போவதைத் தவிர வேறெதுவும் உறுதியாகவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நல்ல வழக்கறிஞர். பெயர் ஒத்துப்போவதை ஆதாரம் என்று அவர் சொல்லவில்லை.

அங்கிருந்து மேலே ஏற நினைக்கும் ஒருவர் முதலில் முட்டிக்கொள்வது கவுண்டி எல்லையில். பத்திரம், உயில், கல்யாணம் எல்லாம் பொதுவாக அங்கேதான் பதிவாகும் (நியூ இங்கிலாந்தில் மட்டும் பிறப்பு, கல்யாணம், சாவு ஊர் மன்றப் பதிவேட்டில்). ஆனால் கவுண்டிகள் உடைந்துகொண்டே இருந்தன, பழைய தாள்களோ தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். ராக்கிங்கம் 1778இல்தான் அகஸ்டாவிலிருந்து பிரிந்தது, அதனால் 1773இல் லிங்கனின் கொள்ளுத்தாத்தா ஜான் தன் மகன்களுக்கு எழுதிக் கொடுத்த நிலத்தை ராக்கிங்கமில் தேடினால் கிடைக்காது. பெர்க்ஸ் உருவானது 1752இல், ஜானின் அப்பா மொர்டிகாய் செத்தது 1736இல், எனவே அவர் உயிலுக்குப் பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும். கென்டக்கியே 1792 வரை வர்ஜீனியா, மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸ். நியூபெர்ரி நூலகம் பழைய கவுண்டி எல்லைகளை வருஷ வாரியாக வரைபடமாக இலவசமாகப் போட்டிருக்கிறது. தேடலுக்கு முன்னால் அதைத் திறந்து, உங்கள் ஆளின் ஊர் எந்த வருஷம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நிலப் பத்திரம். விற்றவர் பெயரில் ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஒரு அட்டவணை என்று இரண்டு இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். வாங்கியதைவிட விற்றதுதான் அதிகம் பேசும். ஏனென்றால் கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுக்க அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு, அவள் அதை விட்டுக்கொடுக்காவிட்டால் வாங்குபவனுக்கு வில்லங்கம். ஆகவே கணவன் இல்லாத நேரத்தில் தனியாகக் கேட்டு அவள் சம்மதத்தைப் பதிவு செய்வார்கள். லிங்கனின் தாத்தா (அவர் பெயரும் ஆபிரகாம்தான்) 1780இல் வர்ஜீனியா நிலத்தை விற்றபோது மனைவி பெர்ஷீபாவின் பெயர் இப்படித்தான் தாளில் ஏறியது. பாட்டியின் பெயர் இன்னது என்று பிற்காலத்தில் ஆளுக்கொரு கதை சொன்னபோது, நிலம் விற்ற தாள்தான் சாட்சி. பழைய அமெரிக்கப் பெண்களைத் தேடுகிறவர்கள் இந்தச் சம்மதக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் படிக்க வேண்டும், சில சமயம் ஒரு பெண் இருந்ததற்கே வேறு தடயம் இருக்காது.

அப்பா உயிலில் கொடுத்த நிலத்தை மகன் பிறகு விற்பதும் பெரிய துப்பு. மொர்டிகாய் தன் உயிலில் நியூஜெர்சியிலிருந்த 300 ஏக்கரை ஜானுக்கு விட்டார். இப்படி ஒரு நிலம் கைமாறும் பாதையைப் பிடித்துத்தான், பெயர் ஒற்றுமை என்று லிங்கன் விட்ட இடத்திலிருந்து ஆய்வாளர்கள் 1637இல் மாசசூசெட்ஸ் வந்து ஹிங்கம் ஊரில் குடியேறிய சாமுவேல் லிங்கன் வரை போய்ச் சேர்ந்தார்கள்.

உயிலில் ஒரு பிள்ளையின் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பங்கை முன்பே கொடுத்திருக்கலாம், அல்லது சட்டமே கொடுத்திருக்கலாம். லிங்கனின் தாத்தா 1786இல் கென்டக்கியில் பழங்குடியினர் தாக்குதலில் கொல்லப்பட்டார், உயில் எழுதவில்லை. அன்றைய வர்ஜீனியா சட்டப்படி நிலம் மூத்த மகனுக்கே, அதனால் மூத்த மகன் மொர்டிகாய்க்கு (1736இல் செத்த மொர்டிகாய் வேறு) எல்லாம் போனது, கடைசி மகன் தாமஸுக்கு (லிங்கனின் அப்பா) ஒன்றுமில்லை. இந்தச் சட்டத்தை மாற்றி 1785இல் போட்ட புதுச் சட்டம் 1787இல்தான் அமலுக்கு வந்தது. ஒரு வருஷ வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் கதையே மாறிவிட்டது. உங்கள் ஆள் செத்த வருஷத்தில் அந்த மாநிலத்தின் வாரிசுச் சட்டம் என்ன என்று தெரியாமல் உயில் படிப்பதில் பிரயோஜனம் இல்லை. மாசசூசெட்ஸில் உயில் இல்லாமல் செத்தால் மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று, அதுவே ஒரு காலம் வரை நடைமுறை.

உயில் இல்லாதவர் விட்டுப்போன தாள்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொத்துப் பட்டியல், ஏலம், வாரிசுகளுக்குப் பிரித்த கணக்கு, பிள்ளைகளுக்குக் கார்டியன் நியமித்த உத்தரவு. உயிலில் "என் மகள்கள்" என்று முடித்துவிடுவார்கள். பாகப்பிரிவினையிலோ கல்யாணமான மகள்களின் கணவன்மார் பெயரோடு சேர்த்து ஒவ்வொருவரும் வருவார்கள், அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டு வழக்குப் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

கல்யாணத்துக்குத் தென் மாநிலங்களில் பிணைப் பத்திரம் உண்டு. இந்தக் கல்யாணத்துக்குச் சட்டத்தடை எதுவும் இல்லை என்று மாப்பிள்ளையும் இன்னொருவரும் ஒரு தொகைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த இன்னொருவர் பெரும்பாலும் பெண் வீட்டு உறவு. தாமஸ் லிங்கன், நான்சி ஹாங்ஸ் கல்யாணப் பதிவை ஹார்டின் கவுண்டியில் தேடினார்கள், அவர்கள் குடியிருந்தது அங்கேதான். கிடைக்கவில்லை. கல்யாணமே ஆகவில்லை என்று எதிரிகள் வதந்தி பரப்பவும் அது வசதியாகப் போயிற்று. பதிவு இருந்ததோ பெண் வீடு இருந்த வாஷிங்டன் கவுண்டியில், 1806 ஜூன் தேதியோடு, ரிச்சர்ட் பெரி என்பவர் கையெழுத்தோடு. அது வெளியே வந்தபோது லிங்கன் உயிரோடு இல்லை. கல்யாணப் பதிவைப் பெண் ஊரில் தேடுங்கள்.

எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் வேண்டாம். லிங்கனின் தாத்தாவுடைய கென்டக்கி நில அளவையில் பெயர் "லிங்க்ஹார்ன்" என்றிருக்கிறது. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். சீனியர், ஜூனியர் என்று இருந்தால் அப்பா மகன் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, அதே ஊரில் அதே பெயரில் இருந்த பெரியவரும் சின்னவரும் என்பதுதான் பல இடங்களில் பொருள், சித்தப்பாவாகவும் இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். இருவரையும் பிரிக்க வரிப் பட்டியல், பக்கத்து நிலக்காரர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் ஆகியவற்றைப் பாருங்கள். குடும்பங்கள் கூட்டமாகத்தான் இடம்பெயர்ந்தன. உங்கள் ஆள் எங்கிருந்து வந்தார் என்று தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எங்கிருந்து வந்தார் என்று தேடுங்கள், பல நேரம் விடை அங்கே இருக்கும்.

தேதியில் ஒரு பொறி உண்டு. 1752க்கு முன் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் புது வருஷம் மார்ச் 25இல் பிறந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதுக் கணக்கில் 1732 பிப்ரவரி 22 (நாட்காட்டியை மாற்றியபோது 11 நாளும் தள்ளிப்போனது). மூத்த பிள்ளைக்கு இரண்டு மாதம் "முன்னால்" இளைய பிள்ளை பிறந்தது போலத் தெரிந்தால் பதறாமல் இதைச் சரிபாருங்கள்.

புரட்சிப் போர் (பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற நடந்த போர்) வயதுக்காரர் என்றால் ஓய்வூதியக் கோப்பு தங்கச் சுரங்கம். 1818இல் வறுமையில் இருந்தவர்களுக்கு, 1832இல் ஆறு மாதமாவது சேவை செய்த எல்லாருக்கும், 1836இலிருந்து விதவைகளுக்கும் என்று சட்டம் விரிந்துகொண்டே போனது. கல்யாணத்தை நிரூபிக்க வழியில்லாத கிழவிகள் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து மனுவோடு அனுப்பினார்கள், அவை இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்துக் கோப்புகளில் இருக்கின்றன. மனு நிராகரிக்கப்பட்டிருந்தாலும் படியுங்கள், நிரூபிக்கப் போராடியவர்கள்தான் நிறைய எழுதினார்கள்.

மூதாதையர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர் என்றால் வழி வேறு, கடினமும் அதிகம். 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உரிமையாளர் பெயர் இருக்கும், அடிமைகளுக்கு வயதும் பாலினமும் நிறமும்தான், பெயர் அநேகமாக இல்லை. பெரும்பாலோர் பெயரோடு முதலில் தெரிவது 1870 கணக்கில். அதற்கு முன் போக, விடுதலையான அடிமைகளுக்கு உதவ அரசு வைத்த விடுதலை பெற்றோர் வாரியத்தின் (ஃப்ரீட்மென்ஸ் பீரோ) 1865 முதல் 1872 வரையான தாள்களையும், அவர்களுக்கான வங்கியில் கணக்குத் தொடங்கியவர்கள் சொன்ன குடும்ப விவரங்களையும் பார்த்து, கடைசி உரிமையாளர் யார் என்று கண்டுபிடித்த பிறகு, அந்த உரிமையாளர் வீட்டு உயிலையும் சொத்துப் பட்டியலையும் படிக்க வேண்டியிருக்கும். மாடு, கலப்பைக்கு நடுவில் மனிதர்களின் முதல் பெயர்களும் விலையும் எழுதியிருக்கும். படிக்க மனம் கனக்கும், ஆனால் பெயர் அங்கேதான் இருக்கிறது.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? ஃபேமிலிசர்ச் தளம் இலவசம், கணக்குத் தொடங்கினால் போதும். முன்பெல்லாம் அட்டவணையில் பெயர் இல்லாவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். 2024இலிருந்து கையெழுத்துப் பத்திரங்களையே கணினி படித்துச் சொல்லுக்குச் சொல் தேடித் தருகிறது, சாட்சியாகவோ பக்கத்து நிலக்காரராகவோ போகிற போக்கில் வந்த பெயரும் அகப்படும். ஆனால் கணினி படித்த எழுத்தை நம்பாமல் படத்தைத் திறந்து நீங்களே படியுங்கள், கூடவே புத்தக எண், பக்க எண், கவுண்டி, தேடிய தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். தேடிக் கிடைக்காததையும் எழுதுங்கள். ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம், அமெரிக்காவில் இருந்தால் பக்கத்துப் பொது நூலகத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கடைசியாக, எரிந்துபோன கவுண்டிகள். வர்ஜீனியாவில் ஜேம்ஸ் சிட்டி போன்ற சில கவுண்டிகள் உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று ஆவணங்களைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின, 1865 ஏப்ரலில் ரிச்மண்டே எரிந்தது. அந்த மாதிரி இடத்தில் மாட்டினால் கவுண்டியை விட்டுவிட்டு மாநிலத் தலைநகருக்கு வேறு பிரதி போயிருக்குமா என்று பாருங்கள். வர்ஜீனியாவில் 1782இலிருந்து வரிப் பட்டியலின் ஒரு பிரதி மாநிலக் கணக்கு அதிகாரிக்கு அனுப்பப்பட்டது, அவை வர்ஜீனியா நூலகத்தில் இருக்கின்றன. வருஷா வருஷம் வரிசையாகப் படித்தால் ஒரு பையன் எப்போது வயதுக்கு வந்து பட்டியலில் ஏறினான், அப்பா பெயர் எப்போது காணாமல் போய் அம்மா பெயர் வந்தது, எந்த வருஷத்தில் மொத்தக் குடும்பமும் மறைந்தது என்று தெரிந்துவிடும். மறைந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து கென்டக்கிப் பட்டியலைத் திறங்கள்.