முதல் செயலியை ஒரே ஒருவருக்காகச் செய்யுங்கள்

எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்னொரு கோர்ஸ் இப்போதைக்கு வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் தினமும் கையால் போடும் கணக்கை எடுத்து, அவருக்கென்றே ஒரு சின்ன செயலி செய்யுங்கள். நான் எங்கள் தெருவில் பால் ஊற்றும் அக்காவின் மாதக் கணக்கை எடுத்தேன். அதை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நோட்டைப் பாருங்கள்

அவர் இப்போது எதில் எழுதுகிறார், எப்போது எழுதுகிறார், எதைச் சுருக்கி எழுதுகிறார் என்று ஒரு நாள் கூடவே இருந்து பாருங்கள். நான் இதைச் செய்யாமல் நேராக நிரல் எழுத உட்கார்ந்தேன். அதன் விலையை நாலாவது படியில் கொடுத்தேன்.

படி 2: ஒரே திரை

வீட்டின் பெயர், தினசரி அளவு, லிட்டர் விலை, மாத மொத்தம். இவ்வளவு போதும். லாகின், சர்வர் எதுவும் வேண்டாம். தரவை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது பிரவுசர் அந்தப் போனிலேயே சேமித்து வைக்கும் இடத்தில், வைக்கலாம். ஆனால் பிரவுசரின் தளத் தரவை யாராவது அழித்தால் கணக்கும் போய்விடும். அதனால் கணக்கை ஃபைலாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் கட்டாயம் வையுங்கள்.

படி 3: பணத்தைப் பைசாவில் வையுங்கள்

ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். தசம எண்களைக் கணினி இரும எண்ணாகச் சேமிப்பதால் வரும் பிசகு இது. ரூபாயை முழுப் பைசாவாக மாற்றிக் கணக்குப் போட்டு, திரையில் காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுங்கள்.

படி 4: போனைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், கடினமும்கூட. "இங்கே தொடுங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது, எதை இரண்டு முறை தொடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் வடிவத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தினமும் "ஊற்றியாச்சு" என்று பதிய வேண்டும். அக்கா நாலைந்து வீட்டுக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, வாங்காத நாளைத்தானே குறிப்போம்? வாங்குறது எப்பவும் வாங்குறதுதானே."

நோட்டிலும் அப்படித்தான் இருந்தது. அரை லிட்டர் வீடு, லிட்டர் 60 ரூபாய் என்றால் 30 நாளுக்கு 900. மூன்று நாள் வேண்டாம் என்றால் 90 கழித்து 810. முப்பது பதிவுகள் கேட்ட என் செயலிக்கு, மூன்றே பதிவுகள் போதுமாக இருந்தது. நான் நல்ல நிரல் என்று நினைத்து எழுதியதில் பாதியை அன்று இரவே அழித்தேன். நிரலாளனாக நான் உண்மையில் வளர்ந்தது அந்த இரவில்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது. ஈரக் கையோடு தொடும்போது சின்ன பட்டன்கள் தவறிப்போயின. தொடும் இடம் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டில் திரையில் உள்ளவற்றை அளக்கும் அலகு) இருக்கட்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. நான் அதைவிடப் பெரிதாகவே வைத்தேன்.

படி 5: அழிக்கும் முன் கமிட் செய்யுங்கள்

கமிட் என்றால், கிட் என்ற கருவியில் நிரலின் அப்போதைய வடிவத்தைப் பதிந்து வைப்பது. கிட் பழக இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. பழைய வடிவம் பத்திரமாக இருந்தால்தான் புதியதைத் துணிந்து மாற்ற முடியும்.

படி 6: தமிழில் சோதியுங்கள்

"தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்னும்; நாம் எண்ணினால் மூன்றெழுத்து. மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. நீளத்தை வைத்துப் பெயரை வெட்டினால் "மி" வெறும் "ம" ஆகிவிடும். முடிந்தவரை வெட்டாமல் அடுத்த வரிக்கு மடக்கி விடுங்கள்.

படி 7: இன்னும் நாலு பேர்

ஒரே வகைப் பயனர்களில் ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று, பயன்பாட்டு எளிமையை ஆராயும் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். பால் கணக்கு எழுதும் இன்னும் நாலு பேரைத் தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. அவர்களிடமும் அதே மௌனம்தான்.

அப்புறம், முதல் மாதம் நோட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டும் சேர்ந்தே ஓடட்டும். மாதக் கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வீடாக ஒத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் அன்றே கண்டுபிடியுங்கள். நோட்டை எப்போது ஓரம் வைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.