3டி பழகத் தொடங்குபவர்கள் பாடம் தேர்ந்தெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

"வீடியோவில் காட்டும் பட்டன் என் திரையில் இல்லையே!" பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளைப் பழக உட்கார்ந்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பெரும்பாலும் வெர்ஷன்தான் இடிக்கும். பாடத்தின் தரம், ஆசிரியரின் பெயர் எல்லாவற்றுக்கும் முன்பு அதைத்தான் பார்க்க வேண்டும்.

2019 ஜூலையில் வந்த பிளெண்டர் 2.80 வெர்ஷன் திரையமைப்பையே புரட்டிப் போட்டது. அதுவரை ஆப்ஜெக்டைத் தேர்ந்தெடுக்க வலது கிளிக். அதற்குப் பின் இடது கிளிக். அவ்வளவு பழைய பாடத்தைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அண்மை வெர்ஷன்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். 4.1-ல், மேற்பரப்பை வழவழப்பாகக் காட்டும் 'ஆட்டோ ஸ்மூத்' டிக் பெட்டியை எடுத்துவிட்டு, அந்த வேலையை மாடிஃபையருக்கு (மாடலின் மேல் மாற்றங்களைச் சேர்க்கும் கருவி) மாற்றினார்கள். 4.2-ல், காட்சியைப் படமாக்கும் ஈவீ என்ற பகுதியின் 'புளூம்' பெட்டியும் போயிற்று. ஒளி கசியும் தோற்றம் வேண்டுமென்றால் காம்பாசிட்டரில் (படத்தை மெருகேற்றும் இடம்) கிளேர் நோடு போட வேண்டும். தெரியாதவர் மெனு மெனுவாகத் தேடி அலுத்துப்போவார். பாடம் அருமையானது, ஆனால் பழையது என்றால், அது எடுக்கப்பட்ட வெர்ஷனையே இறக்கிக்கொள்ளுங்கள். பழைய வெர்ஷன்களும் பிளெண்டர் தளத்தில் இலவசம்தான், புதியதை அழிக்கவும் தேவையில்லை.

அடுத்தது, முகப்புப் படத்தைப் பார்த்து மயங்குவது. பளபளக்கும் அந்தக் காட்சியில் பாதி அழகு ரெடிமேட் டெக்ஸ்சரிலிருந்து (மேற்பரப்பில் ஒட்டும் படம்) வந்திருக்கலாம். மாடலிங் (உருவத்தை வடிக்கும்) பகுதியையே வேகமாக ஓட்டிக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் அது வேடிக்கை பார்க்க மட்டும்.

எந்தக் கீயை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லி, ஏன் என்பதை விழுங்கிவிடும் பாடங்களும் ஏராளம். ஒரு கனசதுரத்தை ஆப்ஜெக்ட் மோடில் ஒரு பக்கமாக மூன்று மடங்கு இழுத்துவிட்டு பெவல் (விளிம்பைச் சரிவாக்குவது) போட்டுப் பாருங்கள். விளிம்புகள் கோணலாக வரும். இழுத்த ஸ்கேல் 3 என்றே நிற்பதால் பெவலும் அந்தப் பக்கம் சேர்ந்து இழுபடுகிறது. "கண்ட்ரோல் ஏ அழுத்துங்கள்" என்று மட்டும் சொல்பவரிடம் படித்தவர், அடுத்த மாடலிலும் இதே இடத்தில் முழிப்பார். ஸ்கேல் எண் 1 ஆக மாறுவதைத் திரையில் காட்டுபவரை நம்பலாம்.

அனிமேஷன்தான் ஆசை என்றால் மாடலிங் முழுதையும் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. இலவச ரிக்குகள் (அசைக்கத் தயாராக இருக்கும் மாடல்கள்) நிறையக் கிடைக்கின்றன. ஆனால் முதல் பாடமே சண்டைக் காட்சியாக இருந்தால் விலகிவிடுங்கள். பந்து துள்ளுவதில் தொடங்குங்கள். கீஃப்ரேம்களை (பந்து எப்போது எங்கே இருக்கும் என்ற குறிகளை) வைத்துவிட்டு அப்படியே விட்டால் பந்து தரையைத் தொடும்போது வேகம் குறைந்து, பலூன் மாதிரி மிதக்கும். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து அந்த வளைவைக் கூராக்கிக் காட்டும் பாடமே அனிமேஷன் சொல்லித் தருகிறது.

மாயா என்ற இன்னொரு 3டி மென்பொருளுக்கும் பிளெண்டருக்கும் மாறி மாறித் தாவுவது, ஐந்தாறு கோர்ஸ்களை ஒன்றாக வாங்கிக் குவிப்பது பற்றிச் சொல்லத் தேவையே இல்லை. பிளெண்டரின் அதிகாரபூர்வ கையேட்டைத்தான் யாரும் சீண்டுவதில்லை. புரியாத பட்டன் மீது வலது கிளிக் செய்து 'ஆன்லைன் மேனுவல்' என்பதைத் தொட்டால், அதற்கான பக்கமே திறக்கும்.