மலை ஏறும்போது கேமரா ஆடக் கூடாது: ஹார்னஸ் தேர்ந்தெடுத்து மாட்டும் முறை

கேமராவோடு பெட்டியில் வரும் கழுத்துப் பட்டை, நின்ற இடத்தில் படமெடுக்கப் போதுமானது. அதையே மாட்டிக்கொண்டு மேடு ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு தொல்லைகள் தெரிந்துவிடும். பிடரி வலிக்கும். குனிந்து ஒரு பாறையைத் தாண்டும்போது கேமரா முன்னால் வீசி அந்தப் பாறையிலேயே இடிக்கும். பலர் முதல் தொல்லையை மட்டும் பார்த்து, பஞ்சு வைத்த அகலமான பட்டை வாங்குகிறார்கள். வலி குறைகிறது, ஆட்டம் அப்படியே இருக்கிறது.

நடையில் ஆளைக் களைக்க வைப்பது எடையைவிட ஆட்டம்தான். ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சில் இடிக்கிற கேமராவை ஒரு கை தன்னையறியாமல் பிடித்துக்கொண்டே வரும். அந்தக் கையால் ஊன்றுகோலும் பிடிக்க முடியாது, வழுக்கினால் தரையில் ஊன்றவும் வராது. அதனால் ஹார்னஸ், அதாவது கேமராவை உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் அமைப்பு, பார்க்கும்போது "ஆடாமல் நிற்குமா" என்று முதலில் கேளுங்கள். "மெத்தென்று இருக்கிறதா" என்பதெல்லாம் பிறகு.

படி 1: மூன்று அளவுகள் எடுங்கள்

சமையலறைத் தராசு போதும். நடைக்கு எடுத்துப்போகப்போகும் லென்ஸ், பேட்டரி, கார்டு, ஹூட் எல்லாம் மாட்டிய நிலையில் கேமராவை நிறுத்துப் பாருங்கள். இன்றைய முழு ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்கள் (பெரிய சென்சார் உள்ள, உள்ளே கண்ணாடி இல்லாதவை) பல 650 முதல் 750 கிராம் வரை இருக்கும். அதில் ஒரு 24-105 எஃப்/4 ஜூம் சேர்ந்தால் 1.3 கிலோவைத் தாண்டும். 70-200 எஃப்/2.8 வகை லென்ஸ் என்றால் லென்ஸ் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல்.

அடுத்து முதுகுப்பை. அதன் தோள்பட்டைப் பட்டியை நெஞ்சு உயரத்தில் அளந்து, அகலம், தடிமன் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியில் மாட்டும் கிளிப்புகளுக்கு ஒரு வரம்பு உண்டு. உதாரணமாக, பீக் டிசைன் கேப்சர் கிளிப் சுமார் 6.4 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. தடிமன் வரை பிடிக்கும். பெரிய ட்ரெக்கிங் பைகளின் தடித்த பட்டிகள் சில இதற்குள் அடங்காது.

மூன்றாவது, மார்புச் சுற்றளவு. பனியனோடு அளக்காதீர்கள். குளிரில் போடும் தடித்த ஜாக்கெட்டின் மேல் அளக்க வேண்டும். வீட்டில் சரியாக இருந்த ஹார்னஸ் உச்சியில் பக்கிள் எட்டாமல் போவது இந்த அளவைத் தவறவிடுவதால்தான்.

படி 2: முதுகுப்பையைப் பார்த்து வகையை முடிவு செய்யுங்கள்

கேமராவைப் பார்த்து ஹார்னஸ் வாங்குவது வழக்கம். மலை நடையில் முதுகுப்பைதான் தீர்மானிக்கும். பை இல்லாமலோ, தண்ணீர் மட்டும் வைத்த சின்னப் பையோடோ நடப்பவருக்கு ஒத்துவருவது, 12 கிலோ சுமப்பவருக்கு ஒத்துவராது.

குறுக்குப் பட்டை, அதாவது ஸ்லிங். ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்கு வருவது. கேமரா பட்டையில் வழுக்கிக் கண்ணுக்கு வேகமாக வரும். சமதளத்துக்கு அருமையான பொருள். இறக்கத்தில் குனிந்தால் கேமரா முன்னால் உருண்டு வந்துவிடும். பையின் பட்டியோடும் சிக்கிக்கொள்ளும். மலைக்கு இதை மட்டும் நம்பிப் போக நாங்கள் சொல்ல மாட்டோம்.

இரு தோள் ஹார்னஸ். இரண்டு கேமராவை இடுப்பின் இரு பக்கமும் தொங்கவிடுவது. கல்யாணப் படமெடுப்பவர்களுக்கானது. மலையில் கேமரா தொடையிலும் ஊன்றுகோலிலும் மாறி மாறி இடிக்கும். முதுகில் வரும் தோல் பட்டையின் மேல் பை உட்கார்ந்தால் அந்த இடம் அழுத்தும், வியர்க்கும்.

மார்புத் தட்டு ஹார்னஸ். காட்டன் கேரியர் போன்றவை இந்த வகை. உடுப்பு மாதிரி அணிகிற பட்டைகளின் நடுவே மார்பில் ஒரு பள்ளம் இருக்கும். கேமராவின் அடியில் திருகிய குமிழை அதில் பக்கவாட்டில் செருகித் திருப்பினால் லென்ஸ் கீழே பார்த்தபடி பூட்டிக்கொள்ளும். ஆட்டம் மிகக் குறைவு. எடை இரு தோளுக்கும் சமமாகப் போகும். பையைக் கழற்றினாலும் கேமரா உடம்பிலேயே இருக்கும், இது பெரிய வசதி. குறை என்னவென்றால் மார்பில் காற்றோட்டம் போய்விடும், செங்குத்தான இறக்கத்தில் கேமரா காலடியை மறைக்கும்.

பட்டிக் கிளிப். முதுகுப்பையின் தோள்பட்டியில் இரண்டு தகடுகளாக இறுக்கப்படும். கேமராவின் அடியில் திருகி மாட்டிய பிளேட், அதாவது சிறிய தகடு, அதில் 'டக்'கென்று உட்காரும். சிறியது, முதுகில் கூடுதல் பட்டை எதுவும் கிடையாது. மொத்த எடை ஒரு கிலோவுக்குள் இருந்தால், எப்போதும் பையோடு நடப்பவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் அந்தப் பக்கத் தோள் இழுபடும். பட்டியும் முறுக்கிக்கொள்ளும்.

மார்பில் கட்டும் மூடிய பை. தூசி, தூறல், மரக்கிளை எல்லாவற்றுக்கும் இதுதான் நல்ல காவல். ஒவ்வொரு படத்துக்கும் ஜிப் திறக்க வேண்டும் என்பதால் வேகம் குறையும். மழைக்காலக் காட்டு நடைக்கு வேறு வகையை யோசிக்கவே வேண்டாம்.

ரப்பர் போல இழுபடும் நியோப்ரீன் பட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் மாட்டிப் பார்த்தால் கேமரா எடையே இல்லாதது போலத் தோன்றும். நடக்க ஆரம்பித்ததும் அந்த நீட்சியே கேமராவை மேலும் கீழும் குதிக்க வைக்கும். மலைக்கு நீளாத நைலான் பட்டைதான் வேண்டும்.

படி 3: கடையில் கைவைத்துப் பாருங்கள்

எடை தாங்கும் பட்டைகள் குறைந்தது 25 மி.மீ. அகலம் இருக்கட்டும். தையலைத் திருப்பிப் பாருங்கள். பட்டை பட்டையோடு சேரும் இடங்களில் நெருக்கமான குறுக்குத் தையலோ, பெட்டிக்குள் பெருக்கல் குறி போட்ட தையலோ இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் வைத்துவிடுங்கள்.

பூட்டில் இரண்டு செயல் இருப்பது நல்லது. ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டும் கழல்கிற கிளிப்பில், கிளை ஒன்று உரசிப் பொத்தான் அமுங்கினால் கேமரா கீழே. பொத்தானையே பூட்டிவைக்கிற சுழல் அமைப்பு இருந்தால் அந்தக் கவலை இல்லை. நடையில் கையுறை போடுவீர்கள் என்றால், கையுறையோடு திறந்து பாருங்கள்.

தாங்குதிறன் எவ்வளவு என்று எழுதியிருந்தால், அது உங்கள் கேமரா எடையின் மூன்று மடங்காவது இருக்கட்டும். சறுக்கி விழும் நொடியில் பட்டை உணரும் இழுப்பு, தராசு காட்டும் எடையைவிடப் பல மடங்கு.

படி 4: கேமராவில் பிளேட்டைப் பொருத்துங்கள்

கேமரா கீழே விழும் கதைகளில் பட்டை அறுந்தது அபூர்வம். திருகு தளர்ந்ததுதான் அதிகம். கேமராவின் அடியில் இருப்பது கால் அங்குலத் திருகுக்குழி, அங்குலத்துக்கு 20 புரி. ஒற்றைத் திருகில் தொங்கும் கேமரா ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திரும்ப முயலும். மணிக்கணக்கில் அது நடந்தால் திருகு தானாகக் கழலும்.

1. பிளேட்டையும் கேமராவின் அடியையும் துணியால் துடையுங்கள். மணல் இருந்தால் இறுக்கம் நிற்காது.
2. ரப்பர் முகம் கேமராவைப் பார்க்கட்டும். அந்த ரப்பர்தான் பிளேட் சுழலாமல் பிடிப்பது.
3. விரலால் நிற்கும்வரை திருகி, பிறகு ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) இறுக்குங்கள். ரப்பர் லேசாக அமுங்கினால் போதும். அளவுக்கு மீறி முறுக்கினால் கேமராவின் புரி கெட்டுவிடும்.
4. திருகின் தலையிலிருந்து பிளேட் வரை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். நடுவழியில் கோடு விலகியிருந்தால் திருகு தளர்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.
5. பேட்டரிக் கதவு திறக்கிறதா என்று பாருங்கள். சில சிறிய கேமராக்களில் பிளேட் அதை மறைத்துவிடும்.

திருகு தளராமலிருக்கப் பசை போடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த வகைப் பசைகள் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் உண்டாக்கும். கேமராவின் அடிப்பாகத்தில் பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்லவும் முடியாது.

பெரிய லென்ஸில் ட்ரைபாட் கால், அதாவது முக்காலியில் மாட்டுவதற்கான கால், இருந்தால் பிளேட்டை அந்தக் காலில்தான் மாட்ட வேண்டும். கேமராவில் மாட்டினால் லென்ஸின் முழு எடையும் மவுண்ட்டை, அதாவது லென்ஸ் கேமராவோடு சேரும் வளையத்தை, இழுத்துக்கொண்டிருக்கும்.

கடைசியாகக் காப்புக் கயிறு. கேமராவின் பக்க வளையத்திலிருந்து ஹார்னஸுக்கோ பையின் பட்டிக்கோ ஒரு குட்டையான கயிறு போகட்டும். பூட்டும் திருகும் இரண்டும் கைவிட்டாலும் கேமரா இந்தக் கயிற்றில் நிற்கும். நீளம், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரும் அளவு. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வேண்டாம், தொங்கும் கயிறு கிளையில் மாட்டும். கழுத்தைச் சுற்றி மட்டும் போடாதீர்கள்.

படி 5: உடம்புக்கு ஏற்றபடி இறுக்குங்கள்

மார்புத் தட்டு என்றால் ஹார்னஸை முதலில் அணிந்து, அதன் மேல் பையை மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கிய பிறகுதான் ஹார்னஸின் கடைசி இறுக்கம். பை ஏறியதும் ஹார்னஸ் இடம் மாறும், முன்பே இறுக்கி முடித்திருந்தால் வீண். காறை எலும்பின் மேல் எந்தப் பக்கிளும் வரக் கூடாது. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையட்டும். மூச்சை முழுதாக இழுத்தால் தடை தெரியக் கூடாது. பெண்கள் தட்டைச் சற்று மேலே, நெஞ்செலும்பின் மேல்பகுதியில் அமைத்தால் அழுத்தாது.

உயரத்துக்கு ஒரு சோதனை: முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். லென்ஸ் தொடையில் இடித்தால் இரண்டு செ.மீ. மேலே ஏற்றுங்கள்.

பட்டிக் கிளிப்பை வலது கைக்காரர்கள் இடது பட்டியில் மாட்டுவதே நல்லது. லென்ஸ் கீழே பார்க்கும்போது கேமராவின் பிடி நெஞ்சின் நடுப்பக்கம் வரும், வலது கை நேராகப் போய்ப் பிடிக்கும். எடையைச் சமன்செய்யத் தண்ணீர் பாட்டிலைப் பையின் வலப்பக்கம் வையுங்கள். கிளிப் நெஞ்சுப் பட்டைக்குச் சற்று மேலே அமர்ந்தால் பட்டி முறுக்காது.

மிஞ்சிய பட்டை நுனிகளைச் சுருட்டி ரப்பர் வளையத்தில் செருகுங்கள். வெட்டாதீர்கள், தடித்த ஜாக்கெட்டுக்கு அவை வேண்டும்.

படி 6: வீட்டில் சோதியுங்கள்

பட்டை பக்கிளிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மெத்தைமேல் நின்று, ஒரு கையைக் கேமராவுக்கு அடியில் காவலாக வைத்துக்கொண்டு, பத்து முறை குதியுங்கள். பிறகு நிறைத்த பையோடு 20 நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். கோடு நகர்ந்திருந்தால் பட்டை வழுக்குகிறது. நுனியைப் பக்கிளுக்குள் இன்னொரு முறை திருப்பிச் செருகினால் பெரும்பாலும் சரியாகும். தோளில் சிவந்த தடம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு மடிப்போ பக்கிளோ இருக்கும், தேடிப் பாருங்கள்.

வழியில் சிக்கல் வரும் இடங்கள்

பட்டிக் கிளிப் வைத்திருப்பவர்கள் கேமராவை உடைப்பது நடக்கும்போது அல்ல, இளைப்பாற உட்காரும்போது. பையை ஒரு தோளிலிருந்து கழற்றியதும் பட்டி சுழன்று கேமரா தரையில் மோதும். முதலில் கேமராவை எடுங்கள், பிறகு பையை இறக்குங்கள்.

லென்ஸ் கீழே பார்க்கும்போது பின்திரையும் காட்சித்துளையும் (வியூஃபைண்டர்) வானத்தைப் பார்க்கும். தூறல் நேராக அங்கே விழும். உச்சி வெயிலில் இன்னொரு ஆபத்து உண்டு. காட்சித்துளை வழியே இறங்கும் சூரிய ஒளி உள்ளிருக்கும் மின்திரையைச் சுட்டுவிடலாம். ஒரு துணியோ தொப்பியோ போட்டு மூடுங்கள். ஜூம் லென்ஸ் தானாக நீளும், பூட்டு இருந்தால் போட்டுவிடுங்கள்.

கையால் பிடித்து ஏறவேண்டிய பாறை வந்தால் கேமரா பைக்குள் போகட்டும். முன்னால் விழுந்தால் மார்பிலிருக்கும் கேமரா விலா எலும்பைப் பதம்பார்க்கும். ஆற்றைக் கடக்கும்போதும் அப்படியே. வழுக்கினால் பையை உடனே உதறிவிட வசதியாக இடுப்பு, நெஞ்சுப் பட்டைகளைத் திறந்துவைப்பது வழக்கம். பையின் மேல் குறுக்கே ஓடும் கேமராப் பட்டை அந்த வேலையைக் கெடுக்கும். நீர்புகாப் பைக்குள் போட்டு உள்ளே வையுங்கள்.

நடை முடிந்ததும் பட்டைகளை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வியர்வை உப்பும் மணலும் பக்கிளுக்குள் தங்கினால் அடுத்த முறை 'டக்' சத்தம் வந்தும் பூட்டு முழுதாக விழாது. வெயிலில் வெளுத்து விறைத்த நைலான், இழை பிரிந்த கயிறு, விரிசல் விட்ட பக்கிள் ஆகியவற்றைத் தைத்து ஒட்டிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள்.