ஊரின் தீ ஆபத்தைக் கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோய் குணமாக வேண்டும் என்று தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்துபோனார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். தீ என்று பார்த்தால் அது ஒரு கொட்டகைத் தீ. நம் ஊர்ப் பக்கம் கோடைதோறும் எங்காவது ஒரு கூரை எரியும். வீட்டுக்காரர்கள் வெளியே ஓடிவந்துவிடுவார்கள், பொருள்தான் போகும். ஏர்வாடியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை.

ஒரு தீயணைப்பு நிலையம் தன் எல்லைக்குள் என்னென்ன ஆபத்து இருக்கிறது, யார் எளிதில் பாதிக்கப்படுவார்கள் என்று கணக்கெடுக்கும்போது இந்த வித்தியாசத்தில்தான் முதலில் சறுக்குகிறது. பெட்ரோல் பங்க், கேஸ் குடோன், மரக்கடை, நூல் மில் எல்லாம் பட்டியலில் வரிசையாக இருக்கும். அதாவது, எவையெல்லாம் எரியும் என்ற பட்டியல். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள், இரவில் வெளியே பூட்டிய விடுதியில் தூங்குபவர்கள், தமிழ் தெரியாமல் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளிகள் அதில் இருக்க மாட்டார்கள். பெட்ரோல் பங்கைக் கவனிக்க உரிமம், ஆய்வு, மணல் வாளி என்று ஏற்கெனவே பல கண்கள் உண்டு. முதியோர் இல்லத்தின் மூன்றாவது மாடியைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

ஒரு முறை சிறு நகரம் ஒன்றில் இந்த வேலைக்காக ஒரு தெருவில் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டி தனியாக இருந்தார். திருட்டுக்குப் பயந்து வாசலில் இரும்பு கிரில் கேட், கொல்லைப் பக்கமும் கிரில். "ராத்திரி பூட்டிக்குவீங்களா பாட்டி?" "பூட்டாம எப்படிப்பா தூங்குறது?" "சாவி எங்க இருக்கும்?" அவர் மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துபோய், உள் அறையில் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி எடுத்தார். கரண்ட் இருக்கும் பகல் நேரத்திலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. கான்கிரீட் வீடு, ஓலை கிடையாது, எங்கள் படிவத்தில் அது 'குறைந்த ஆபத்து'. அன்று சாயங்காலமே அந்தப் படிவத்தில் ஒரு பத்தி சேர்த்தோம்.

வகை பிரிப்பதில் கோட்டை விடுவது

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக்காகப் போட்ட யாகசாலைப் பந்தலில் தீ. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீ. மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டோர் பலி. ஆறு மாதம்கூட முடியவில்லை, அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் சத்துணவுச் சமையலில் கிளம்பிய தீ மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது.

மூன்றும் ஒரே காவிரிப் படுகையில், ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கும் ஊர்கள். மூன்றிலும் தலைக்கு மேல் கீற்று, கீழே நெருக்கிய கூட்டம், வெளியேற நெருக்கடியான வழி. ஆனால் ஒன்று கோயில், ஒன்று மண்டபம், ஒன்று பள்ளி என்று மூன்று தனித்தனி இனங்களாகப் பார்த்தால் இந்த ஒற்றுமை கண்ணில் படாது. ஸ்ரீரங்கத்துக்குப் பிறகு மண்டபங்களை மட்டும் சோதித்திருந்தால் கும்பகோணம் தப்பியிருக்காது. 'எங்கெல்லாம் நிறைய பேர், எரியும் கூரைக்குக் கீழே, ஒற்றைப் படிக்கட்டை நம்பி இருக்கிறார்கள்' என்று தேடியிருந்தால் அந்தப் பள்ளிக்கூடம் முதல் பக்கத்திலேயே வந்திருக்கும். கட்டடத்தின் பெயர்ப்பலகையை வைத்து வகை பிரிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, நிலையத்தின் பழைய அழைப்புப் பதிவேட்டை மட்டும் நம்புவது. பதிவேடு தேவைதான். எந்தத் தெருவில் அடிக்கடி குப்பை எரிகிறது, எந்தக் கிணற்றில் மாடு விழுகிறது என்று அது துல்லியமாகச் சொல்லும். இதுவரை தீப்பிடிக்காத பள்ளிக்கூடத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. மதிப்பெண் போடும் முறையிலும் இதே குழி உண்டு. நிகழும் வாய்ப்புக்கு 5 வரை, பாதிப்புக்கு 5 வரை போட்டுப் பெருக்குகிறார்கள். வாரம் ஒரு குப்பைத் தீ: 5 பெருக்கல் 1. முப்பது வருடத்தில் ஒரு முறை வரக்கூடிய பள்ளித் தீ: 1 பெருக்கல் 5. இரண்டுக்கும் விடை 5. தாளில் இரண்டும் சமம்! பெருக்கிய எண்ணோடு விட்டுவிடாமல், பாதிப்பு 5 என்று வந்த இடங்களைத் தனியாக எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். வார்டு முழுவதற்கும் சராசரி போடுவதும் இப்படித்தான். இருநூறு நல்ல வீடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கொட்டகை சராசரியில் காணாமல் போய்விடும்.

உரிமப் பட்டியலும் நிஜமும்

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைகளின் உரிமப் பட்டியல் அரசிடம் இருக்கிறது. ஆனால் வீட்டில் வைத்துக் கருந்திரி (பட்டாசுக்கு வைக்கும் திரி) தயாரிப்பவர்களும், உரிமம் எடுத்தவரிடம் உள்குத்தகைக்கு ஷெட் எடுத்தவர்களும் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியின் பெயர் இருக்கும். சந்துக்குள் இருக்கும் வேஸ்ட் துணி குடோன் இருக்காது. இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் டீக்கடைக்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர், மீட்டர் ரீடிங் எடுப்பவர். அவர்களிடம் கேட்காமல் முடிக்கும் கணக்கெடுப்பு பாதிதான். ஒன்று மட்டும் முக்கியம்: காட்டிக்கொடுக்க வந்திருக்கிறோம் என்ற பயம் வந்துவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வழக்குப் போடுவதற்கான சோதனையையும் இந்தக் கணக்கெடுப்பையும் ஒரே நாளில், ஒரே ஆட்களை வைத்துச் செய்யக் கூடாது.

சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த வெடிவிபத்து இன்னொன்றையும் காட்டியது. இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்ல; புகையைப் பார்த்து உதவ ஓடிவந்த, வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். ஆலைக்குள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணினால் போதாது. தீப்பிடித்தால் எந்தப் பக்கமிருந்து யார் ஓடிவருவார்கள், அவர்களை எங்கே நிறுத்துவது என்பதும் திட்டத்தில் இருந்தாக வேண்டும்.

மக்கள் தொகையைக் கணக்கெடுப்புப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதுவதில் வரும் கோளாறும் இதே வகைதான். சென்னை ரங்கநாதன் தெருவில் குடியிருப்பவர்களை எண்ணினால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி வேறு ஊர். பகல், இரவு, திருவிழா என்று குறைந்தது மூன்று கணக்காவது வேண்டும்.

தூரமும் தண்ணீரும்

வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போட்டு, உள்ளே இருப்பதெல்லாம் பாதுகாப்பு என்று எழுதிவிடுகிறார்கள். வண்டி வட்டத்தில் ஓடாது, தெருவில்தான் ஓடும். ரயில்வே கேட் மூடியிருந்தால்? சந்தை நாளில்? பத்திரத்தில் 12 அடி என்று இருக்கும் தெருவில் வாசல்படி இரண்டு பக்கமும் ஒன்றரை அடி நீட்டியிருக்கும், எதிரெதிரே பைக்குகள் நிற்கும், மேலே கேபிள் ஒயர் தொங்கும். ஒரு முறை உண்மையான வண்டியை உள்ளே விட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கிருந்து எத்தனை ஹோஸ் இணைக்க வேண்டும் என்று எண்ணி எழுதுங்கள். தூரத்தை நிமிடத்தில் எழுத வேண்டும், அதுவும் அழைப்பு வந்த நொடியிலிருந்து குழாயில் தண்ணீர் வரும் வரை.

அப்புறம் தண்ணீர். 4,500 லிட்டர் வண்டியில் ஒரு குழாயைத் திறந்து நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் 10 நிமிடத்தில் தொட்டி காலி. அடுத்த தண்ணீர் எங்கே என்ற கேள்விக்குப் பெரும்பாலான அறிக்கைகளில் 'அருகில் குளம் உள்ளது' என்று இருக்கும். எந்த மாதத்தில் போய்ப் பார்த்தார்கள்? கார்த்திகையில் தளும்பும் குளம் சித்திரையில் கிரிக்கெட் மைதானம். கூரைகள் எரிவதும் சித்திரையில்தான். கிணறாக இருந்தால் ஆழத்தையும் அளக்க வேண்டும். பம்ப் உறிஞ்சி இழுப்பதற்கு எல்லை உண்டு. தண்ணீர் மட்டம் 7 மீட்டருக்குக் கீழே போய்விட்டால், கண்ணெதிரே தண்ணீர் இருந்தும் மேலே ஏறுவது சந்தேகம். மேல்நிலைத் தொட்டி வால்வைத் திறப்பவரின் கைபேசி எண்ணும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். அவர் மாறினால் எண்ணையும் மாற்ற வேண்டும்.

ஆபத்தும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2022 செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில், கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 8 பேர் இறந்தார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய படிவத்தில் மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் ஏறும் பேட்டரி வண்டிக்குக் கட்டமே இருக்காது. படிவத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்த வேண்டும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், பருத்தி மூட்டைகளையும் வெடிபொருளையும் ஒன்றாக ஏற்றி வந்த கப்பல் வெடித்தபோது அதை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவு நாள் அது. கணக்கெடுப்பை அந்த வாரத்தில் தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது தாமதம். தை, மாசியிலேயே தெருத்தெருவாகப் போய் முடித்துவிடலாம். முடித்ததை அலமாரியில் வைக்காமல், தெருவுக்கு ஒரு பக்கம் என்று சுருக்கி வண்டியிலேயே வைக்க வேண்டும். இடமாற்றலில் நேற்று சேர்ந்த ஒருவர் ராத்திரி இரண்டு மணி அழைப்புக்குக் கிளம்பும்போது, போகும் வழியிலேயே டார்ச் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா என்று ஒரு முறை ஓடும் வண்டியில் வைத்துப் படித்துப் பாருங்கள்.