பழைய கார்களில் சூடும் சார்ஜும்: சோதனையைப் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களில் ரேடியேட்டர் விசிறி, வாட்டர் பம்ப், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ ஆகிய மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. ஆகவே வெப்பமானியின் முள் ஏறும் அதே வேளையில் சார்ஜ் விளக்கும் எரிந்தால், ரேடியேட்டரைக் கழற்றுவதற்கும் பேட்டரிக் கடைக்குப் போவதற்கும் முன்னால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் காட்டினால் கோளாறு அந்தந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

இரண்டு கப்பிகளுக்கு இடையே நீளமான பகுதியில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் உள்வாங்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும்; விறைப்பாக இழுத்துக் கட்டினால் டைனமோ, வாட்டர் பம்ப் இரண்டின் பேரிங்கும் தேயும். பக்கவாட்டுப் பரப்பு பளபளத்துப் போன பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மாற்றிவிடுவதே சிக்கனம்.

பெல்ட் சரியாக இருந்தும் சூடேறினால், அது எப்போது ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்றோட்டம் குறைவு என்று பொருள். விசிறியையும் ரேடியேட்டர் முகப்பில் அடைத்த பூச்சி, தூசியையும் பாருங்கள். அவினாசி சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போதே ஏறினால், ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம். அல்லது கீழ் ஹோஸ் இற்றுப்போய், வேகத்தில் பம்ப் இழுக்கும் இழுப்பில் உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். அடைப்பை அறிய, சூடான எஞ்சினை நிறுத்தியபின் ரேடியேட்டர் முகப்பைக் கையால் கவனமாகத் தடவிப் பாருங்கள். குளிர்ந்திருக்கும் இடத்தில் தண்ணீர் ஓடவில்லை. இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் எஞ்சின் சூடாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம் கொங்குப் பகுதியில் பெரும்பாலான அடைப்புக்குக் காரணம் போர்வெல் தண்ணீர்தான். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு எஞ்சின் பிளாக்கின் உள்ளேயும் படிகிறது. துருவோடு சேர்ந்து, கடைசி சிலிண்டரைச் சுற்றிச் சேறாகத் தங்குகிறது. ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, ‘அப்படியும் சூடாகிறது’ என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தச் சேற்றை விட்டுவிட்டவர்களே. பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வடிகால் குழாயை முழுவதும் கழற்றி, துளையைக் கம்பியால் குத்திவிட்டு, எஞ்சின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஹோஸ் தண்ணீரைத் தெளிவாக வரும்வரை விடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரும் கூலண்ட்டும் கலந்து நிரப்புங்கள். கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, அதில் பொறித்துள்ள வெப்பநிலையில் திறக்கிறதா என்று பார்த்து மீண்டும் பொருத்த வேண்டும். அதைத் தூக்கி எறியும் பட்டறை வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி, ஆயிலில் கசடு சேர்க்கும்.

ரேடியேட்டர் மூடி சிறிய பொருள்தான்; ஆனால் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 10 டிகிரி உயர்த்துகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் 93 டிகிரிக்கும் சற்றுக் கீழேயே கொதித்துவிடும் என்பதால், ரப்பர் நைந்த மூடியோடு மேட்டுப்பாளையம் தாண்டி ஏறக் கூடாது. அதே நேரத்தில் புதிய கார்களின் அதிக அழுத்த மூடியைப் போட்டால் ரேடியேட்டரின் பழைய ஈயப் பற்றுகள் விட்டுப்போகும்.

இனி சார்ஜ். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓட்டினால் அது 14 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும். உயராவிட்டால் முதலில் பேட்டரி முனைகள், எர்த் பட்டை (பேட்டரியை வண்டியின் உடலோடு இணைப்பது), டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கட்-அவுட் பெட்டியின் எர்த் ஆகியவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து, லூகாஸ் வகை டைனமோவாக இருந்தால், டி, எஃப் என்ற இரண்டு முனைகளின் ஒயர்களையும் கழற்றி, அவ்விரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் நடுவே வோல்ட்மீட்டரை வையுங்கள். எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டும்போது வோல்ட் துள்ளாமல் சீராக ஏறினால் டைனமோ நலம். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ்ஷையும், அரை முதல் ஒரு வோல்ட்டோடு நின்றால் காந்தப்புலம் தரும் ஃபீல்டு காயிலையும், நான்கைந்து வோல்ட்டோடு நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரையும் சந்தேகிக்க வேண்டும். டைனமோ நலமாயிருந்தும் பேட்டரி ஏறாவிட்டால் ஒயர்களிலோ கட்-அவுட், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலோதான் கோளாறு.

இந்த வேலைக்கு நம் ஊரைப்போல் வாய்ப்பான இடம் குறைவு. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்திய மின்மோட்டாரை உருவாக்கிய கோவையில், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையும் லேத் பட்டறையும் எளிதாகக் கிடைக்கும். டைனமோவில் கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரை லேத்தில் மெல்லியதாகக் கடைந்து, தகடுகளுக்கு இடையிலுள்ள மைக்காவைச் சற்றுத் தாழ்த்தித் தரச் சொல்லுங்கள்; பம்ப் ஷாஃப்ட்டையும் அங்கேயே கடைந்துகொள்ளலாம். கொடுக்கும்போது வண்டி பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா (பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது) என்பதைச் சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த். திரும்பப் பொருத்தியதும் எஃப் ஒயரைக் கழற்றிவைத்து, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து வரும் ஒயரால் டைனமோவின் எஃப் முனையைக் கணநேரம் தொட்டால் காந்தத் திசை சரியாகும். லேசாகப் பொறி பறக்கும், அஞ்ச வேண்டாம்.

ஹெட்லைட் போட்டபடி ஐடிலிங்கில் நின்றால் சார்ஜ் விளக்கு மினுக்குவது டைனமோவின் இயல்பு, கோளாறு அன்று. இரவில் அடிக்கடி ஓட்டுபவர் டைனமோவுக்குப் பதிலாக, குறைந்த வேகத்திலும் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாறலாம். கண்காட்சிக்கு மட்டும் எடுப்பவருக்கு அது வீண் செலவு.

எல்லாம் முடிந்தபின் பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பாருங்கள். கியரை முன்கூட்டியே குறைத்து, எஞ்சினைத் திணறவிடாமல் ஏறுங்கள். முள் சிவப்பை நெருங்கினால் ஓரங்கட்டி, கொதிக்காத வரை எஞ்சினைச் சற்று வேகமான ஐடிலிங்கில் விட்டுவையுங்கள்; ஆவி தள்ளத் தொடங்கினால் நிறுத்திவிட்டு அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். சூடான பிளாக்கில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.