குமரி மாவட்டத்தில் பிள்ளைகளோடு ஒரு நாள்: திட்டமிடும் முறை

நாகர்கோவிலில் குடியிருப்பவர்களுக்குக் கடலும் மலையும் கோட்டையும் அருவியும் பெரும்பாலும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைத்துவிடுகின்றன. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாளில் இந்த வசதியே நம்மைத் தவறான வழியில் இழுக்கிறது. காலையில் திற்பரப்பு, மதியம் பத்மநாபபுரம், மாலையில் கன்னியாகுமரி என்று ஒரே நாளில் அடுக்கிவிட்டுப் புறப்படுகிறோம். இரவு வீடு திரும்பும்போது பெரியவர்கள் மூன்று இடங்களைப் பார்த்திருப்பார்கள், ஐந்து வயதுப் பிள்ளையோ வண்டியின் பின்னிருக்கையைத்தான் பார்த்திருக்கும். இவ்வாறு பல முறை அலைந்த பிறகு, ஒரு நாளுக்கு ஓர் இடம், நேரம் மிஞ்சினால் அதே வழியில் இன்னோர் இடம் என்ற வழக்கத்துக்கு எங்கள் வீட்டில் வந்து சேர்ந்தோம்.

இடத்தை முடிவு செய்வதற்கு முன் மாதத்தைப் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் இம்மாவட்டத்தை நனைக்கின்றன. அந்த மாதங்களில் திற்பரப்பு அருவி பார்க்க அழகாக இருந்தாலும், பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டால் கோதையாற்றில் வெள்ளம் பெருகிக் குளிப்பதற்குத் தடை விதிக்கப்படும். ஆகவே, முந்தின நாள் மலைப்பகுதியில் கனமழை பெய்திருந்தால், காலைச் செய்தியைப் பார்க்காமல் குளிக்கும் ஆசையைப் பிள்ளைகளிடம் மூட்ட வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஐயப்ப பக்தர்களின் வருகையால் கன்னியாகுமரி நிரம்பி வழியும். படகுத்துறை வரிசையில் சிறு பிள்ளைகளை நிறுத்துவதைவிட அந்த மாதங்களில் வேறு திசையில் செல்வதே நல்லது.

முதல் முறையாகத் திட்டமிடுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தக்கலைப் பக்கம். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை உள்ளே விட மாட்டார்கள். காலை ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்தால் கூட்டம் இல்லாமல் பார்க்கலாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு நடக்க வேண்டும் என்பதே பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகிறது. பளபளக்கும் கருந்தரையின் குளிர்ச்சியை அவர்கள் பாதத்தால் அறிகிறார்கள். ஆனால் மரப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. கைக்குழந்தை இருந்தால் இரண்டு பெரியவர்கள் கட்டாயம் வேண்டும். அங்கிருந்து சிறிது தொலைவில், புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் மர நிழல் தாராளமாக உண்டு. டச்சுக் கம்பெனிப் படையில் வந்து, பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியாக விளங்கிய டிலனாயின் கல்லறை அதனுள்ளே இருக்கிறது. குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டவர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்த கதையை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். திரும்பும் வழியெல்லாம் கேள்விகள் வரும்.

மாத்தூர் தொட்டிப்பாலம் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு உரியது. காமராசர் காலத்தில் திட்டமிடப்பட்டு 1966-இல் கட்டப்பட்ட இப்பாலம், பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசன நீரைக் கொண்டு செல்கிறது. நடைபாதை ஒடுக்கமானது என்பதால், ஓடித் திரியும் வயதில் உள்ள பிள்ளையை மேலே அழைத்துச் செல்லாமல் கீழேயிருந்து தூண்களைக் காட்டுவதே என் விருப்பம். வெயில் ஏறும் முன் பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்.

கடற்கரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். கோடை விடுமுறையில் எல்லோரும் சொத்தவிளைக்கும் முட்டத்துக்கும் சங்குத்துறைக்கும் செல்கிறோம். கள்ளக்கடல் பெரும்பாலும் வருவதும் அந்த ஏப்ரல், மே மாதங்களில்தான். தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் புயல்களால் உண்டாகும் அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. இங்கே காற்றும் மழையும் இல்லாமல், வானம் தெளிந்திருக்கும்போதே கடல் திடீரென ஏறிவிடும் என்பதால்தான் மீனவர்கள் அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். வளர்ந்தவர்களையே இழுத்துச் சென்ற கடல் அது. எச்சரிக்கை அறிவிக்கப்பட்டிருக்கும் நாளில் கடற்கரைக்கே செல்ல வேண்டாம். மற்ற நாட்களிலும் பிள்ளைகளைக் குளிக்க விடாமல், ஈர மணலில் விளையாட விடுங்கள். பெரியவர் ஒருவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அலையின் அருகே போகாமலேயே கடலைக் காட்ட வேண்டுமானால் வட்டக்கோட்டை இருக்கிறது. அதன் மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையையும் காணலாம். மதிலோரத்தில் மட்டும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

விவேகானந்தர் பாறைக்குச் செல்வதாக இருந்தால், கடல் சீற்றத்தின்போது படகு நிறுத்தப்படும் என்பதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மாற்றிடம் ஒன்றையும் முடிவு செய்து வைத்திருங்கள். சொல்லாமல் அழைத்துச் சென்று படகுத்துறையில் அழ வைத்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே வாழையிலையில் பொதிந்து எடுத்துச் செல்வது நல்லது. புளிச்சோறும் துவையலும் மதியம் வரை கெடாமல் இருக்கும். சிறு குழந்தைக்கு மட்டி வாழைப்பழம் போதும். குடிநீர், மாற்றுடை, ஆளுக்கொரு துவர்த்து (துண்டு), ஈரத்துணிக்கு ஒரு பை, குப்பைக்கு இன்னொரு பை ஆகியவற்றை முந்தின இரவே கட்டி வையுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், கார் இல்லாத குடும்பமும் அதிகச் செலவின்றிப் போய் வரலாம்; புறப்படும்போதே திரும்பும் பேருந்தின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்திலேயே ஏறிவிடுங்கள்.