பழைய காரில் பெற்றோல் தடைப்பட்டால்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மொரிஸ் மைனர் போன்ற ஒரு பழைய கார் சமதரையில் ஒழுங்காக ஓடி, திருகோணமலையின் உவர்மலை ஏற்றத்தில் இழுவை குறைந்து, குலுங்கி நின்று, சிறிது நேரத்தின் பின் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஸ்டார்ட் ஆகுமாயின், இயந்திரத்துக்குப் பெற்றோல் போதியளவு வந்து சேரவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்பொறி அறுந்தால் இயந்திரம் பெரும்பாலும் சட்டென்று நின்றுவிடும். பெற்றோல் குறைந்தால் திணறித் திணறியே நிற்கும். இந்நிலையில் பலரும் முதல் வேலையாக, பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் காபரேட்டரைக் கழற்றுகின்றனர். கடற்காற்றில் நாட்கணக்காக நிற்கும் நம்மூர்க் கார்களைப் பொறுத்தவரை, அது கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடமாகும்.

வேலையைத் திறந்த வெளியில், இயந்திரம் ஆறிய பின்னரே செய்ய வேண்டும். அருகில் நெருப்போ புகைப்பவரோ இருத்தல் கூடாது.

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், காதைக் கொடுங்கள். எஸ்யூ (SU) நிறுவனத்தின் மின்பம்ப் பூட்டிய கார்களில் 'டக் டக்' என்ற ஓசை எழுந்து, காபரேட்டரில் பெற்றோல் தேங்கும் மிதவை அறை நிரம்பியதும் அடங்க வேண்டும். ஓசையே இல்லையெனில், சோதனை விளக்கொன்றால் பம்புக்கு மின்சாரம் வருகிறதா என்பதையும், எர்த் வயர் துருப்பிடிக்காமல் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, ஸ்பனரின் பிடியால் மெல்லத் தட்டியதும் பம்ப் உயிர்பெற்றால், உள்ளேயுள்ள தொடுமுனைகள் கறுத்திருக்கின்றன என்பது ஏறக்குறைய உறுதி; பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, முனைகளின் இடையே தடித்த காகிதத் துண்டொன்றை இழுத்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாறாக, ஓசை நிற்காமல் வேகமாகத் தொடர்ந்தால், பெற்றோல் தாங்கி வெறுமையாக இருக்கலாம், அல்லது பம்புக்கு முன்னுள்ள குழாயில் காற்றுப் புகலாம். இந்தப் பகுதியில் வெடித்த இறப்பர்க் குழாய் பெற்றோலைக் கசிய விடாமல் காற்றை மட்டும் உறிஞ்சக்கூடும் என்பதால், ஈரம் தெரியவில்லை என்று அதைக் குற்றமற்றதாகக் கருதிவிடக் கூடாது.

அடுத்து, காபரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, அதன் நுனியை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டுப் பம்பை இயக்குங்கள். மொரிஸ் மைனரின் பம்ப் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய அரை லீற்றர் தர வேண்டும். போத்தலை அசையாமல் வைத்து அடியைப் பாருங்கள்: செம்மண் நிறத் துகள் தங்கினால் தாங்கி உட்புறம் துருவேறியிருக்கிறது; பாதரசம்போல் உருண்டோடும் துளிகள் தெரிந்தால் அது நீர். 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வெறுந்தாங்கியோடு மாதக்கணக்கில் நின்ற கார்களில் துரு இருந்தால் வியப்பில்லை; வாடை மழைக்காலத்தில் பழுதான மூடி வழியே நீரும் இறங்கும். அத்தகைய தாங்கியை இறக்கிக் கழுவாமல் பில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண்செலவு.

துகளின்றி அளவு மட்டும் குறைவாக இருந்து, பம்பும் சுட்டால், தடை பம்புக்கு முன்னேதான் உள்ளது. உள்வரும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றிய பின், தாங்கியின் மூடியையும் திறந்துவிட்டு, தாங்கியை நோக்கிக் காற்று ஊதலாம். பம்பின் ஊடாக ஊதினால் அதன் வால்வுகள் கெட்டுவிடும். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டாலும் இதே குறிதான் தோன்றும்: கார் நின்ற இடத்தில் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்து, பிறகு கார் ஓடினால், சில நிமிடத் துப்புரவோடு வேலை முடிந்தது.

கச்சான் எனும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் வேறொரு தொல்லை உண்டு. நண்பகலில் நெரிசலில் ஊர்ந்துவிட்டு நிறுத்திய காரில், சூட்டினால் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி ஓட்டத்தைத் தடுக்கும். பொனட்டைத் திறந்துவிட்டு, பெற்றோல் குழாயின்மேல் ஈரத்துணி சுற்றிச் சிறிது காத்திருப்பது போதும். சூடான புகைக்குழாயில் நீர் படக்கூடாது. குழாய் புகைக்குழாயை ஒட்டிப் போகிறதெனில் அதை விலக்கிப் பொருத்துவதே நிலையான தீர்வு.

போத்தலில் பெற்றோல் தெளிவாகவும் தாராளமாகவும் விழுந்த பின்னரும் கார் திணறினால் மட்டுமே காபரேட்டரின் முறை வரும். மிதவை அறையின் மூடியைக் கழற்றி, ஊசி வால்வு ஒட்டிக்கொள்ளாமல் அசைகிறதா, அடியில் வண்டல் உள்ளதா என்று பாருங்கள். எஸ்யூ காபரேட்டரின் மேற்குமிழில் எண்ணெய் வற்றியிருந்தாலும் வேகம் எடுக்கும்போது இதேபோல் இடறும். கழற்றிய இணைப்புகள் அனைத்தையும் இறுக்கி, பம்பை இயக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் ஒற்றிக் கசிவில்லை என்று கண்ட பின்னரே இயந்திரத்தை ஸ்டார்ட் செய்து, ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்.